யந்திர விபத்துகளும் நிலமுடையோர் பொறுப்பும்

கதிரடிக்கும் யந்திரம், தீவனம் நறுக்கும் யந்திரம், டிராக்டர், மின்சாரப் பம்பு ஆகியவை இன்று கிராமங்களில் சாதாரணமாகப் புழங்குகின்றன. இவற்றால் வேலை விரைவில் முடிகிறது. ஆயினும், சுழலும் தண்டில் வேட்டி முனை சிக்கினாலும், உருளையில் கை அகப்பட்டாலும், ஒரு கணத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அழிந்துவிடும். அவ்வேளையில் நஷ்ட ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் முன்னதாகவே அறிந்திருத்தல் அவசியம்.

எஜமானின் கவனக்குறைவை நிரூபித்தாலன்றிக் கூலியாளுக்கு ஈடு கிடையாது என்பது பழைய நிலை. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், 1924 ஜூலை 1 முதல் அமலாகி, அதனை மாற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைபெறுகிறது. டிராக்டரையோ, விசையாலும் மின்சாரத்தாலும் ஓடும் பிற கருவிகளையோ கொண்டு செய்யும் பயிர்த்தொழில் இதில் அடங்கும். விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்ததாயின் அதுவே போதும். எஜமானின் குற்றத்தை நிரூபிக்க வேண்டுவதில்லை. அன்றாடக் கூலியாள் என்று சொல்லித் தப்புதற்கு இருந்த வழியும் 2000-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் நீங்கிவிட்டது.

கூலியாள் குடித்திருந்தான், காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினான் என்னும் வாதங்கள், மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்த இடத்தில் செல்லா.

ஈட்டின் அளவைச் சற்று எண்ணிப் பார்க்க. 40 வயதும் மாதம் 10,000 ரூபாய் கூலியும் உடையவர் இறந்தால், கூலியிற் பாதியாகிய 5,000 ரூபாயை அவ்வயதுக்குரிய 184.17 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். வரும் தொகை 9,20,850 ரூபாய். தக்க காரணமின்றித் தாமதித்தால், வட்டியுடன், ஈட்டில் பாதிவரை தண்டமும் சேரும்.

மரணம் நேர்ந்தபின் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் ஒரு தொகையைக் கொடுத்து, காகிதத்தில் ரேகை வாங்கிக்கொள்வது பலவிடத்து வழக்கம். இது பயனற்றது. அத்தொகையைச் சட்டப்படிக்கான அதிகாரியிடமே செலுத்த வேண்டும். நேரே கொடுத்தது கொடுத்ததாகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக முன்னரே எழுதி வாங்கும் சீட்டும் செல்லாது. ஆகையால், கிராம அதிகாரிகள் இத்தகைய ராஜிகளுக்குத் துணைபோகாமல், விபத்தின் நாள், நேரம், கூலி விகிதம், கண்டோர் பெயர் ஆகியவற்றை உடனே குறித்து வைத்தல் நலம்.

நிலமுடையோர் செய்யத்தக்கவை வருமாறு:

1. சுழலும் தண்டுக்கும் பெல்ட்டுக்கும் மூடி அமைத்து, அதைக் கழற்றாதிருக்கும்படி தெளிவாக உத்தரவிடுக.

2. யந்திரம் ஓடும்பொழுது கையால் அடைப்பு நீக்க விடாதீர்.

3. தளர்ந்த உடையுடனும், போதையுடனும் எவரையும் அருகே அனுமதியாதீர்.

4. கூலிக் கணக்கை ஒழுங்காக எழுதி வருக.

5. வேலையாட்களுக்காக இன்ஷூரன்ஸ் செய்துகொள்க.

மூடி ஒன்றுக்கு ஆகும் செலவு அற்பம். அது இல்லாமையால் நேரும் நஷ்டமோ, கூலியாளின் குடும்பத்தையும் நிலமுடையோர் குடும்பத்தையும் ஒருங்கே வருத்தும்.