பூச்சி இசையும் அசல் ஜாஸும்

ஜாஸ் என்றால் அந்தந்தக் கணத்தில் பொங்கி வருவது, அதிலும் கறுப்பர் வாசித்தால்தான் அசல் என்றொரு கருத்து விமர்சகர்களிடையே வெகுகாலம் புழங்கி வந்திருக்கிறது. கேட்கப் பாராட்டு மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு: கறுப்பனுக்கு உணர்ச்சி, யோசித்துக் கட்டமைக்கிற மூளை இன்னொருத்தனுக்கு என்கிற பழைய பங்கீடு. டான் பைரன் 1996இல் வெளியிட்ட 'பக் மியூசிக்' ஆல்பத்தை இங்கே வைத்துத்தான் கேட்க வேண்டும்.

பைரன் 1958இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர். வாத்தியம் கிளாரினெட். நியூ ஆர்லியன்ஸ் காலம் தொட்டு பென்னி குட்மன் வரை கோலோச்சிய இந்த வாத்தியத்தை, 1940களில் பீபாப் வந்ததும் சாக்ஸபோன் ஓரங்கட்டிவிட்டது. ரசனை மாறியது மட்டும் காரணமில்லை. சாக்ஸபோனில் மேல் ஸ்தாயியிலும் விரல்கள் ஏறக்குறைய அதே இடத்தில்தான். கிளாரினெட் குழல் உருளையாக இருப்பதால் ஒரு ஸ்தாயியையும் தாண்டி ஐந்து சுரம் மேலே தாவும். கீழே பழகிய விரலமைப்பு மேலே உதவாது. பீபாப் வேகத்துக்கு இது பெரிய தொல்லை. ஆக, கிளாரினெட்டைக் கையில் எடுக்கிறவன் கைவிடப்பட்ட ஒரு வரலாற்றையும் சேர்த்தே எடுக்கிறான்.

ஆல்பத்தில் டியூக் எலிங்டனின் ஆரம்பகாலப் படைப்புகள் உண்டு. அதில் ஆச்சரியமில்லை, அவரை எல்லாரும்தான் கொண்டாடுகிறார்கள். வம்பு மற்ற இருவரிடம்.

ஜான் கெர்பி கறுப்பர், பாஸ் வாசித்தவர். 1930களின் இறுதியில் அவருடைய அறுவர் குழு ஷோப்பினையும் கிரீக்கையும் சன்னமான, இழைத்துச் செதுக்கிய ஸ்விங்காக மாற்றி வாசித்தது. பெரும்பாலான ஒழுங்கமைப்பு ட்ரம்பெட் கலைஞர் சார்லி ஷேவர்ஸ் செய்தது; கிளாரினெட் பஸ்டர் பெய்லி. 'ரொம்ப மென்மை, கறுப்புத்தன்மை போதாது' என்று ஒதுக்க இது போதாதா?

ரேமண்ட் ஸ்காட் புரூக்ளின் யூதர். 1937இல் புகழ்பெற்ற அவருடைய 'குயின்டெட்'டில் இருந்தவர்கள் ஆறு பேர்! தாளில் எழுதாமல், ஒத்திகையிலேயே சொல்லிச் சொல்லி வாசிக்கவைத்து, இறுதி வடிவத்தை மனப்பாடம் செய்யவைப்பார். அப்புறம் யாரும் சொந்தமாக ஒரு சுரம் சேர்க்கக் கூடாது. ஜாஸ் விமர்சகர்கள் இதை மன்னிக்கவில்லை. 1943இல் உரிமை வார்னர் நிறுவனத்துக்குப் போனது. கார்ல் ஸ்டாலிங் இந்த மெட்டுகளை பக்ஸ் பன்னி கார்ட்டூன்களில் சேர்த்தார். ஸ்காட் கார்ட்டூனுக்கென்று எழுதியவரல்ல. ஆனாலும் 'பவர்ஹவுஸ்' கேட்டால் தலைமுறைகளுக்கு இயந்திரங்களும் ஓட்டமும்தான் கண்ணில் தெரிகிறது.

தலைப்பே கார்ட்டூனிலிருந்து வந்ததுதான். 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் பீட்டில்ஸைக் கிண்டலடித்து ஒரு பூச்சிக் குழு வரும். அதைச் சகிக்க முடியாதவர்களுக்கு அது 'பூச்சி இசை'. யாருடைய காதுக்கு எது இரைச்சல், யார் தீர்மானிப்பது என்கிறார் பைரன்.

அதே பத்தாண்டில் விண்டன் மார்சலிஸ் தலைமையில் லிங்கன் சென்டரில் ஜாஸுக்கு ஒரு மரபுவரிசை நிறுவப்பட்டுக்கொண்டிருந்தது. புளூஸும் ஸ்விங்கும் அதன் இரண்டு தூண்கள். அந்த வரிசையில் ஸ்காட் மாதிரி ஆளுக்கு இடம் எங்கே? யூத நகைச்சுவைக் கலைஞர் மிக்கி காட்ஸின் பாட்டுகளை 1993இலேயே தனி ஆல்பமாக்கியிருந்த பைரனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

குறை உண்டு. சில இடங்களில் மூலத்துக்கு இவ்வளவு விசுவாசம் தேவையா, பழைய இசைத்தட்டையே கேட்டுவிடலாமே என்று தோன்றுகிறது. கெர்பியின் பகுதிகளில் அப்படித் தோன்றவில்லை. அங்கே கிளாரினெட் பஸ்டர் பெய்லியின் வழியிலேயே போகிறது, ஆனால் முனை கூர்மையாக, கொஞ்சம் கேலியோடு.