சுண்ணாம்புக் கரண்டகமும் சமையலறைக் கூரையும்

நாற்பது வயதான தங்கள் கட்டடத்தில் மழைக்காலந்தோறும் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறதென்றும், மறுபடி பூசி வெள்ளையடித்தால் போதுமென்று சொசைட்டிக் கமிட்டியார் சொல்கிறார்களென்றும் எழுதி, கட்டமைப்புப் பொறியாளரை எப்போது அழைக்க வேண்டுமென்று கேட்கிறார் செம்பூர் வாசகி ஒருவர். பக்கத்துக் காட்கோபரில், 2017 ஜூலை 25 அன்று, தரைத்தளத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்த சித்தி சாய் என்னும் கட்டடம் இடிந்து 17 பேர் மாண்டதை மறவாதவர்கள் இந்தக் கேள்வியை அற்பமாகக் கருத மாட்டார்கள்.

பூச்சில் வலைபோல் பரவும் மயிரிழைக் கீறல்கள் காரை உலர்ந்ததன் அடையாளமே. ஆனால் உத்தரத்தின் அடியில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்து, கம்பால் தட்டினால் ‘பொத் பொத்’ என்று ஒலிக்கும் விரிசல் வேறு ஜாதி. உள்ளே கம்பி எங்கே கிடக்கிறதென்பதை அது வெளியே வரைந்து காட்டுகிறது.

கான்கிரீட்டுக்குள் கம்பியைக் காப்பது சுண்ணாம்பு. சிமெண்டு இறுகுகையில் பிறக்கும் அது, பி.எச். 12க்கு மேற்பட்ட காரத்தை நிலைநிறுத்த, இரும்பின்மேல் கண்ணுக்குப் புலனாகாத ஆக்ஸைடு படலமொன்று கவசமாகப் படிகிறது. கரியமில வாயு நுண்துளைகளில் புகுந்து அந்தச் சுண்ணாம்பைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிவிட்டால் காரம் 9க்கும் கீழிறங்கிக் கவசம் அழிகிறது. பிறகு ஈரம் பட்டுப் பிறக்கும் துரு, மூல இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்டுக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. காய்ந்த மாதங்களில் வாயு நுழைய, மழையில் துரு வளர, மும்பையின் பருவங்கள் இரண்டும் இதற்கு உடந்தை.

சுண்ணாம்பு இப்படிக் காற்றுப்பட்டுச் செத்துப்போவதை, தாம்பூலம் தரிக்கும் பாட்டியிருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். கரண்டகத்தில் ஈரமாயிருக்கும் சுண்ணாம்பு வாயைச் சிவக்க வைக்கும். மூடாமல் காற்றுப்பட்டுக் காய்ந்தது வைக்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரும் அந்தச் செத்த சுண்ணாம்புக்குச் சிவப்பதில்லை. பொறியாளர் செய்வதும் ஒருவகை ஆரத்திதான்: புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கிறார், சுண்ணாம்பு உயிரோடிருக்கும் பகுதி ரோஜா நிறம் கொள்ள, செத்த பகுதி நிறமற்றுக் கிடக்க, அந்த எல்லை கம்பியை எட்டிவிட்டதா என்று அளக்கிறார். எல்லை நகர்வது காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி. 9 ஆண்டில் 10 மி.மீ. சென்றது 20 மி.மீ. செல்ல 36 ஆண்டாகும். ஆகவே கட்டடமே ஒரு பெரிய கரண்டகமென்றால், கம்பிக்கு வெளியேயுள்ள கான்கிரீட் உறை அதன் மூடி. மூடியின் கனம் பாதியானால் ஆயுள் பாதியாவதில்லை, கால் பங்காகிறது! இந்தக் கணக்கை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பும் கவலையும் சேர்ந்தே வருகின்றன.

சரித்திரத்துக்கு ஒரு வாக்கியம் போதும்: பாரிஸ் தோட்டக்காரர் ஜோசப் மோனியே பூந்தொட்டிகளுக்காக 1867-இல் உரிமம் பெற்ற கம்பி-சிமெண்டு முறையின் சந்ததிதான், 1930களில் மாதுங்காவில் எழுந்த மாடிவீடுகள்.

சுத்தியல் கருவியால் நாலு இடத்தில் தட்டிவிட்டு, ‘பலமாயிருக்கிறது’ என்று எழுதித் தரும் சான்றிதழை நம்பாதீர்கள். சுண்ணாம்பு கல்லான மேற்பரப்பு முன்னிலும் கடினமாகிவிடுவதால், நோயாளியான கான்கிரீட்டே சுத்தியலுக்கு நல்ல எண்ணைக் காட்டக்கூடும். கசிவை நிறுத்தும் பூச்சென்று விளம்பரப்படுத்தப்படும் டப்பாக்களும், ஏற்கெனவே துருவேறிய கம்பியைத் துலக்காதவரை, வியாதியை மூடிவைப்பவையே.

30 ஆண்டைக் கடந்த கட்டடங்களைப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டுமென்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு விதிக்கிறது. சுவரையோ தூணையோ தொடும் மராமத்துக்கு வயது வரம்பே கிடையாது. கீழ்வீட்டுக்காரர் சம்மட்டியை எடுக்குமுன் பொறியாளரின் சம்மதம் வேண்டும். தூணும் உத்தரமும் சேருமிடத்தில் சாய்வாக ஓடும் புது விரிசலோ, நேற்றுவரை மூடிய கதவு இன்று திடீரென இறுகுவதோ கண்டால், அன்றைக்கே அழைத்தாக வேண்டும்.

செம்பூர் வாசகிக்கு: கூரையை மறுபடி பூச விடாதீர்கள். காரை பெயர்ந்து கிடக்கிற இந்தச் சமயத்திலேயே, பினாப்தலீன் புட்டியோடு பொறியாளர் வந்து பார்க்கட்டும்.