கானானியரின் யாத்திராகமம்

விவிலியத்தின் இரண்டாவது நூலுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். சீர்திருத்த சபைக்காரர்களுக்கு அது யாத்திராகமம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலோ விடுதலைப் பயணம். அடிமைகள் வெளியேறிய கதையை யாத்திரை என்பதா, விடுதலை என்பதா? நூலின் பெயரிலேயே வியாக்கியானம் தொடங்கிவிடுகிறது. 'பிரதி ஒன்றுதான், அர்த்தம்தான் கலாச்சாரத்துக்குக் கலாச்சாரம் மாறுது' என்று சமாதானமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பக்கம் யார் கைக்குப் போகலாம் என்பதில்தான் சண்டையே.

1807இல் லண்டனில் ஒரு விவிலியம் அச்சாயிற்று. பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்து, அடிமைத்தனத்தை அப்படியே விட்டுவைத்த வருடம் அது. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்றே தயாரித்த பதிப்பு. பழைய ஏற்பாட்டில் சுமார் பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் அதில் கிடையாது. விற்கப்பட்ட யோசேப்பு எகிப்தில் உண்மையாய் உழைத்து உயர்வது உண்டு. மோசே ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவது இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் நிருபப் பகுதி பத்திரமாக இருக்கு. அடிமைக்கும் அடிமையல்லாதவனுக்கும் கிறிஸ்துவுக்குள் வித்தியாசமில்லை என்று அதே பவுல் கலாத்தியருக்கு எழுதியதைக் காணோம். இதை விசித்திரமான மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. பிரசங்கிகள் ஞாயிறுதோறும் வாயால் செய்ததை இவர்கள் அச்சில் செய்தார்கள், அவ்வளவுதான்.

கத்தரி கீழேயிருந்தும் வேலை செய்தது. கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949இல் வெளியான தன் நூலில் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். அடிமையாக இருந்தவர், எழுத்து தெரியாதவர். பேரன்தான் வேதத்தை வாசித்துக்காட்டணும். ஆனால் பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார் (கொரிந்தியரில் அன்பைப் பற்றிய அதிகாரம் எப்போதாவது விதிவிலக்கு). முதலாளி கூட்டிவந்த வெள்ளைப் பிரசங்கி திரும்பத் திரும்ப எடுத்தது அந்தக் 'கீழ்ப்படி' வசனத்தைத்தான். விடுதலை கிடைத்தால் அந்தப் பக்கமே போவதில்லை என்று அப்போதே சபதம் செய்துகொண்டாராம். அடிமைத்தன நினைவு பேசிய இன்னோர் இடம் திருவிதாங்கூர். அங்கே பொய்கையில் அப்பச்சன் (1879–1939), நிருபமெல்லாம் ரோமருக்கும் கொரிந்தியருக்கும்தானே, புலையருக்கென்று எழுதினது எங்கே என்று கேட்டார். தனிச் சபையே கண்டார். முகவரி பார்த்துக் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதும் வாசிப்புதான். பண்டிதர்களின் வியாக்கியானங்களை விட இவற்றை நான் மேலாக மதிக்கிறேன்.

இதுவரை நமக்குச் சௌகரியம். குத்தியேரசின் 1971ஆம் வருட நூலுக்குப் பிறகு லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலுக்கு யாத்திராகமமே ஆதாரக் கதையாயிற்று. இங்கே நம் தோழர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1989இல் ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் ஒரு கட்டுரையில் இந்தக் கதையைத் திருப்பிப்போட்டார். அமெரிக்கப் பூர்வகுடிகள் இதில் யார்? இஸ்ரவேலர் இல்லை, கானானியர். நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் தங்களைப் புதிய இஸ்ரவேலாகத்தானே கண்டார்கள்! யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம், எட்டாம் வசனத்தைப் பாருங்கள். விடுதலை வாக்களிக்கும் அதே மூச்சில் ஆறு ஜனங்களின் பெயர்கள் வரும்: கானானியர், ஏத்தியர், எமோரியர், பெரிசியர், ஏவியர், எபூசியர். பாலும் தேனும் ஓடும் தேசம் காலி மனையல்ல, அவர்கள் குடியிருக்கிற இடம். யோசுவா நூலில் எரிகோவுக்கு என்ன நடந்ததென்று வாசித்தால் தெரியும், ஆடுமாடுகூடத் தப்பவில்லை.

அப்படியொரு படையெடுப்பே நடக்கலை என்று அகழாய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வாரியர் அதில் ஆறுதல் அடையவில்லை. ஜனங்களிடம் போய்ச் சேர்வது கதைதானே தவிர அகழாய்வு அறிக்கையல்ல. கடலைக் கடந்ததும் நிறுத்திவிடுகிற நம் வாசிப்பிலும் கத்தரி இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு வெட்டியிருக்கிறோம் என்பதால் ஏவியருக்கும் எபூசியருக்கும் ஒன்றும் ஆகிவிடப்போவதில்லை.

அதே 1989இல் நயீம் அதீக் எழுதிய நூலும் வந்தது. பாலஸ்தீன ஆங்கிலிக்கன் குருவானவர். 1948இல் பெய்சானிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்டவர். இஸ்ரேல் அரசு உருவானபின் பழைய ஏற்பாடே தன் ஜனங்களுக்கு வாசிக்கச் சிரமமான புத்தகமாகிவிட்டது என்கிறார். 'இஸ்ரவேல்' என்று சங்கீதத்தில் வரும்போது ஊரை இழந்த ஒரு சபை எப்படி வாய்திறந்து பாடும்?