குரோமில் ‘அப்டேட்’ காட்டுகிறதா? மூடித் திறந்தால்தான் பாதுகாப்பு!

புதுச்சேரி குருசுக்குப்பத்து வீட்டிலிருந்தே பெங்களூரு ஆபீஸ் மீட்டிங்கில் சேர்வது இப்போது சகஜம். அதற்காகப் போடும் எக்ஸ்டென்ஷனில் ஓட்டை இருந்தால்?

2017 ஜனவரியில் சிஸ்கோ வெப்எக்ஸ் எக்ஸ்டென்ஷனில் அப்படியொரு ஓட்டையை கூகுள் ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்தார். ஹேக்கர் தயாரித்த வெப்சைட்டைத் திறந்தாலே போதும்; உங்கள் கம்ப்யூட்டரில் அவர் நினைத்த புரோகிராம் ஓடும். இதுதான் ‘ரிமோட் கோட் எக்ஸிக்யூஷன்’. சில நாட்களிலேயே சிஸ்கோ பேட்ச் கொடுத்தது.

எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் தானாகவே அப்டேட் ஆகிவிடும். குரோம் பிரவுசர் அப்படியில்லை. பேட்ச் டவுன்லோட் ஆனாலும், மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு டேப்களைத் திறந்தே வைத்தால், ஓட்டையும் திறந்தேதான் இருக்கும். மத்திய அரசின் செர்ட்-இன் எச்சரிக்கைகளும் அப்டேட் செய்யத்தான் சொல்கின்றன. பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன் இருந்தால், அதையும் இன்றே நீக்கிடுங்க.