அழித்தும் அழியாத கோப்புகள்



வீட்டில் இடம் போதவில்லை என்று பழைய பெட்டியொன்றைத் தூக்கி வெளியே போடுகிறோம். போட்ட பின்னரும் அறையின் நெருக்கடி அணுவளவும் குறையவில்லையென்றால் திகைக்க மாட்டோமா? கணினியில் அத்தகைய திகைப்பு உண்மையாகவே நேர்வதுண்டு. டில்லியில் என் இல்லத்துக் கணினியில் எனக்கே அது நேர்ந்தது. நாற்பது கிகாபைட் அளவுள்ள பழைய படமொன்றை அழித்தேன். ஆயினும் வட்டில் காலியிடம் முன்பிருந்த அளவிலேயே நின்றது.

அக்கணினியில் இயங்குவது யூனிக்ஸ் மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டி. கோப்புகளைக் காப்பது இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கி 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறைமை, 2008இல் ஃப்ரீபிஎஸ்டியின் 7.0 பதிப்பில் சேர்ந்தது. ஸ்நாப்ஷாட் எடுப்பது இதன் சிறப்புகளுள் ஒன்று.

ஸ்நாப்ஷாட் என்பது யாது? மொழிபெயர்ப்பாளர் ஒருவர் திருத்தம் செய்யும்போது பழைய தாளின் மேல் எழுதாமல் புதுத் தாளில் எழுதுகிறார் என்று கொள்வோம். இசட்.எஃப்.எஸ். செய்வதும் அதுவே. மாற்றம் எதுவாயினும் வட்டின் வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தை விடுவிக்கிறது. ஸ்நாப்ஷாட் எடுப்பதோ, “இக்கணத்தில் உள்ள தாள் எதனையும் எறியாதே” என்று ஆணையிடுவதற்கு ஒப்பாகும். ஆணைக்குச் செலவில்லை; ஆதலால் எடுத்தவுடன் அது ஏறக்குறைய இடமே கொள்வதில்லை. பின்னர் நாம் ஒரு கோப்பை அழித்தால், பெயர் மட்டுமே மறைகிறது. ஆணை நிற்கும்வரை தாள்கள் உள்ளேயே இருக்கும்.

இடத்தைப் பிடித்து வைத்திருப்பது எது என்று அறிய, இசட்.எஃப்.எஸ். லிஸ்ட் கட்டளையில் ‘ஸ்பேஸ்’ என்னும் பட்டியலைக் கேட்க வேண்டும். அதில் ‘யூஸ்ட்ஸ்நாப்’ என்ற பத்தி, ஸ்நாப்ஷாட்டுகள் எல்லாம் சேர்ந்து பிடித்துள்ள இடத்தைக் காட்டும். இங்கே பலரும் மயங்கும் செய்தி ஒன்றுண்டு. திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாட்களும் எடுத்த ஸ்நாப்ஷாட்டுகளில் அந்த நாற்பது கிகாபைட் கோப்பு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் மூன்றின் எதிரிலும் மிகச் சிறிய எண்ணே தெரியும். ஒவ்வொன்றுக்கும் காட்டப்படுவது அதற்கு மட்டுமே உரிய இடம்; பொதுச் சொத்து எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. திங்களை நீக்கினாலும் பயனில்லை. செவ்வாயை நீக்கினாலும் பயனில்லை. புதனும் போன பிறகே நாற்பது கிகாபைட்டும் திரும்பும்.

சில வேளை ஸ்நாப்ஷாட்டை நீக்கவே இயலாதிருக்கும். எவரேனும் ‘ஹோல்ட்’ என்னும் பூட்டை அதற்கு இட்டிருக்கலாம். ‘ஹோல்ட்ஸ்’ கட்டளையால் கண்டு ‘ரிலீஸ்’ கட்டளையால் அவிழ்க்கலாம். அல்லது அதனினின்று ‘குளோன்’ ஒன்று பிறந்திருக்கலாம். குளோன் வாழும்வரை அதன் மூலத்தை அழிக்க முடியாது.

நீக்குமுன் ஒத்திகை பார்ப்பது நன்று. ‘டெஸ்ட்ராய்’ கட்டளையுடன் ‘என்’, ‘வி’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால், எதனையும் அழிக்காமல், எவ்வளவு இடம் மீளும் என்று மட்டும் சொல்லும். நானும் அவ்வாறே செய்தேன். கணக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கிவிடத் துணிந்தேன்.

ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் ஒத்திகை, எதனை இழப்போம் என்று சொல்வதில்லை. அதற்கென ‘டிஃப்’ என்ற வேறொரு கட்டளை உண்டு. ஸ்நாப்ஷாட்டுக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டும். மறைந்துபோன கோப்புகளுக்கு முன்னே கழித்தல் குறியிடும். மிகப் பழைய ஸ்நாப்ஷாட்டில் அதனை ஓட்டிப் பார்த்தேன். கழித்தல் குறியிட்ட வரிகளிடையே, தாமிரபரணிக் கரையிலிருந்து என் தந்தையார் எனக்கு எழுதிய கடிதங்களின் படிகள் வரிசையாக நின்றன. சில வாரங்களுக்கு முன் ஏதோ கைத்தவறில் அக்கோப்புறையையே நான் அழித்திருக்கிறேன். அதனை அறியவும் இல்லை. மூலக் கடிதங்கள் கறையானுக்கு இரையாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன.

மீட்பதற்கு ‘ரோல்பேக்’ வேண்டியதில்லை. அது கோப்பு முறைமை முழுவதையும் பழைய நாளுக்கே கொண்டுசென்று, அதன்பின் செய்த வேலைகளை எல்லாம் அழித்துவிடும். கோப்பு முறைமையின் உச்சியில் ‘.இசட்எஃப்எஸ்’ என்னும் மறைந்த கோப்புறை உண்டு. அதனுள் ‘ஸ்நாப்ஷாட்’ கோப்புறைக்குச் சென்று, வேண்டியதை மட்டும் நகலெடுத்துக்கொண்டால் போதும். கடிதங்கள் அவ்வாறே திரும்பி வந்தன. அவற்றை உடனே வேறொரு வட்டிலும் சேர்த்தேன். ஸ்நாப்ஷாட் அதே வட்டில்தான் வாழ்கிறது. வட்டு பழுதானால் அதுவும் உடன் மறையும். அதன் பிறகே பழையனவற்றை நீக்கினேன். நாற்பது கிகாபைட்டும் திரும்பின.

ஊரைவிட்டு வந்த நம்மில் பலருக்கு ஊரின் எச்சம் இன்று ஒரு வட்டுக்குள் இருக்கிறது. இடம் திரும்பவில்லையே என்று கணினியைச் சினந்துகொள்ளும் வேளையில், அது எதனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.