காலம் தவறிய ஓட்டு

தேர்தல் காலம் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சிக் கடைவீதி அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. சுவரெங்கும் சின்னங்கள், கம்பமெங்கும் கொடிகள், ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் கச்சிராயபாளையம் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கரும்பு வெட்டும் கூலியாளும் தறியில் அமர்ந்த நெசவாளியும் அந்நாட்களில் பெரிய மனிதர் ஆகிவிடுகின்றனர். அபேட்சகர்கள் வீடுதேடி வந்து கைகூப்புகின்றனர். மரக்காணத்துக் கடற்கரையாயினும் கல்வராயன் மலையடியாயினும் காட்சி ஒன்றே.

இந்த ஆரவாரத்தினிடையே அங்கத்தினர்கள் ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டுமென விரும்புகிறோம். தொலைவிலுள்ள மன்றங்களுக்குரிய ஓட்டு தவணை தவறாமல் வருகிறது. நம் வாசலை ஒட்டிய மன்றங்களுக்குரிய ஓட்டுத்தான் காலம் தவறுகிறது. தவறியது ஏன் என்று நாமும் கேட்பதில்லை.

கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் விளையும் மலை அது. அந்தக் கடுக்காயே சாயத் தொட்டியில் நூலுக்கு நிறம் பற்றத் துணை செய்கிறது. ஆகவே மலையின் நலம் நெசவாளிக்கு அயல் விஷயம் அன்று. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் அம்மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-ஆம் ஆண்டிலேதான் அரசு அதனை ஏற்றது. மலைமக்களுக்கு வாக்குரிமை மிகப் பிந்தியே கிட்டியது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது.

அதன்பின் அதிகாரம் மெல்ல மெல்ல மலையை நோக்கி நகர்ந்தது. தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகர் கடலோரத்துக் கடலூர். 1993-இல் ஜில்லா பிரிந்து விழுப்புரம் தலைநகராயிற்று. அப்போதும் வெள்ளிமலையிலிருந்து கலெக்டர் அலுவலகம் செல்ல நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. நாம் மகிழ்ந்தோம்; மகிழ்ந்தது நியாயமே.

ஆனால் அதே ஆண்டுகளில் நம் பஞ்சாயத்துகளின் நிலை என்ன? 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கான அறிவிக்கையை, பழங்குடியினருக்குரிய இடஒதுக்கீட்டைப் பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2019 டிசம்பரில் தமிழகத்தின் ஏனைய மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிவினையால் வார்டு எல்லைகளைத் திருத்த வேண்டியிருந்த ஒன்பது மாவட்டங்கள் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றுள் நம்முடையதும் ஒன்று. புது மாவட்டம் வந்த மகிழ்ச்சிக்கு நாம் கொடுத்த விலை அது. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு நிறச் சீட்டுகளில் நாம் வாக்களித்தோம். ஐந்தாண்டுகள் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர். அந்த இடைவெளியில் 2019 நாடாளுமன்றத் தேர்தலும் 2021 சட்டமன்றத் தேர்தலும் குறித்த காலத்தில் நடந்தேறின.

இதனால் விளையும் கேடு யாது? மலையூர்கள் சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதியில் அடங்கியவை. மக்களவைக்கோ ஏற்காடு வரை பரவிய கள்ளக்குறிச்சித் தொகுதி. அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு குக்கிராமத்தின் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் கிடைக்கும்? அதைப் பேச வேண்டிய இடம் ஊராட்சி.

2024 ஏப்ரல் 19-ஆம் நாள் நாம் மக்களவைக்கு வாக்களித்தோம். இரண்டு திங்களில், ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்தை எழுதக் கை நடுங்குகிறது. அதன்பின் உயர் நீதிமன்றம் தானாகவே கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை உண்டா, பஸ் உண்டா, வைத்திய வசதி உண்டா என்று நீதிபதிகள் வினவினர். நீதிமன்றத்திற்கு நன்றி கூறுவோம். எனினும் அக்கேள்விகள் கிராம சபையில் முன்னரே எழுந்து, தீர்மானமாகி, மேலே சென்றிருக்க வேண்டியவை அல்லவா?

கிராம சபை வெறும் சடங்கு என எண்ணுவோர் உண்டு. அது தவறு. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் உழுது வாழ்வோரின் உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டியதும் கிராம சபையே. அதற்குச் சபையினருள் பாதிப்பேர் வர வேண்டும். வந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். ஆள் சேராத சபையால் ஓர் ஏழையின் நிலம் கைநழுவலாம்.

இன்னொரு நோயையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஊராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்தி வருகிறது. கோயில் திருப்பணிக்குப் பணம் என்று காரணம் கூறுகின்றனர். பணம் கொடுத்துப் பதவி வாங்கியவர் கணக்குக் காட்ட வேண்டியது யாருக்கு? ஏலத்தில் தோற்றவன் ஏழை. அவனுடைய ஓட்டும் அங்கேயே தோற்றுவிடுகிறது.

நம் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களில் 2018-இல் அமைந்த நிர்வாகக் குழுக்களின் காலம் 2023-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். குழு இருந்த காலத்தில் எத்தனை பேர் மகாசபைக் கூட்டத்திற்கு வந்தோம்? நூல் கொள்முதலையும் கரும்புப் பணப் பாக்கியையும் பற்றி டீக்கடையில் பேசியதில் பாதியையாவது கூட்டத்தில் பேசினோமா? ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றே என்பதுதான் கூட்டுறவின் உயிர். அந்த உயிர் நம் வருகையில் இருக்கிறது.

எந்தக் கட்சிக்கு ஓட்டளிப்பது என்று இப்பத்திரிகை கூறாது. அது அவரவர் உரிமை. நாம் வேண்டுவது வேறு. வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்வூர் அங்கத்தினர் ஒரு கேள்வியையேனும் கேட்க வேண்டும்: “எங்கள் பஞ்சாயத்துக்கும் எங்கள் சங்கத்துக்கும் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்துவிப்பீர்களா?” விடையை ஊரறியப் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் கிராம சபை கூடும் நாளில் தறியையும் ஏரையும் அரை நாள் நிறுத்திவிட்டு வந்து அமருங்கள். அரை நாள் கூலி நட்டம்தான். ஐந்தாண்டு வாய்மூடி இருப்பதைவிட அது சிறிய நட்டம்.