டிரைவரின் மனக்கணக்கு

வடலூரிலிருந்து வரும் பஸ் நம்ம ஊர் ஆர்ச் கேட் நிறுத்தத்தை நெருங்கும்போது, டிரைவர் தூரத்தை டேப் வைத்து அளந்தா பிரேக் போடுகிறார்? ‘இன்னும் கொஞ்சம் இருக்கு, வேகம் சற்றே அதிகம், லேசா மிதிப்போம்’ என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, இல்லையா? இந்தக் கணக்கை இயந்திரத்துக்கும் சொல்லித்தர முடியுமா, நேயர்களே?

முடியும்! அதற்குப் பெயர் ஃபஸ்ஸி லாஜிக். அமெரிக்கப் பேராசிரியர் லோட்ஃபி ஸாதே 1965-இல் இதற்கு அடித்தளம் போட்டார். ஜப்பானில் செண்டாய் நகரச் சுரங்க ரயில், 1987-இல் ஓடத் தொடங்கியபோதே இந்த முறையில்தான் வேகமெடுத்தது, பிரேக் போட்டது. குலுக்கல் குறைந்து, பயணம் சுகமானது. டிரைவர் இல்லாத கார்களுக்கான ஆய்வுகளிலும் முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி காக்க இதே முறை கைகொடுக்கிறது.